பிள்ளை வளர்ப்பும் தன்னை அறிதலும்

மோக்ஷத்தை விரும்புகிறவன் அறிந்தே தீரவேண்டிய பொருள்கள் ஐந்து என்று பூர்வாசாரியர்கள் அறுதியிட்டனர். அர்த்த பஞ்சகம் எனப்படும் அவ்வைந்தனுள் ஜீவாத்மாவின் உண்மை இயல்பும் ஒன்று. ‘யான் யார்? யாருக்கு உரியவன்?’ என்னும் வினாவுக்கு விடை காணத் தனிமையும் அமைதியும் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். தன்னை அறிதல் என்றவுடன் ஆற்றங்கரையும் மரநிழலும் மூடிய கண்களும் மனக்கண்முன் தோன்றுகின்றன. அக்காட்சியில் குழந்தையின் அழுகுரல் கேட்பதில்லை.

இல்லறத்தாருள் மிகப் பலருக்கு வாய்த்திருப்பது வேறொரு காட்சியாகும். விடியுமுன் எழவேண்டும். ஒரு பிள்ளைக்குச் சீருடை, மற்றொரு பிள்ளைக்குக் காணாமற்போன காலுறை, இருவருக்கும் சோற்றுப் பாத்திரத்தில் தயிர்சாதம். பள்ளி வண்டி தெருமுனையைக் கடந்ததும் தாமும் அலுவலகத்துக்கு ஓடவேண்டும். மாலையில் வீட்டுப்பாடம், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி. இதனிடையே முதிய பெற்றோரின் மருந்து வேளைகளும் உண்டு. திருவாராதனம் கால்மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. இளமையில் சந்தை சொல்லிக் கற்ற பாசுரங்கள் நாவைவிட்டு நழுவிவிடுகின்றன. ‘பிள்ளைகள் தலையெடுக்கட்டும், அதன் பிறகு ஆத்ம விசாரம்’ என்று தவணை கூறும் பெற்றோர் பலர். இதைச் சோம்பலின் பேச்சென்று கொள்வது தவறு. களைப்பின் பேச்சு இது. இதனை எள்ளுகின்ற உரிமை, ஒரு குழந்தையையேனும் இரவு முழுவதும் தோளில் சாய்த்து உலாவியிராத உபந்யாசகருக்கு இல்லை.

குடும்பம் இடையூறே ஆகாது என்று சாதிப்பதும் உண்மைக்குப் பொருந்தாது. மணவாள மாமுனிகள் (1370–1443) பல்லாண்டு இல்லறத்தில் இருந்தவர். உறவினர் வழியே அடிக்கடி நேர்ந்த தீட்டு அரங்கன் கைங்கரியத்தைத் தடுக்கவே, அதனைப் பொறாது துறவு பூண்டார் என்று அவர் வரலாறு கூறுகின்றது. ஆசாரியரின் திருவுள்ளத்தையே இல்வாழ்க்கை அவ்வாறு நெருக்கியது என்றால், ஏனையோர் முணுமுணுப்பதில் வியப்பென்ன? ஆயினும் சிறு பிள்ளைகளை உடைய தாயும் தந்தையும் அவ்வழியில் புறப்பட இயலாது. அவர்கள் கேட்கவேண்டிய வினா வேறு: தேடப்படுகின்ற ‘தான்’ எத்தகையது? அது இருக்குமிடம் எது?

ஆத்மா எம்பெருமானுக்குச் சேஷப்பட்டது, அதாவது பிறருக்கென்றே அமைந்தது, தனக்கென்று அமையாதது என்பது சம்பிரதாயத்தின் தெளிவு. அவ்வாறாயின் அகங்கார மமகாரங்கள் கழியுந்தோறும் தன் உண்மை இயல்பு வெளிப்படவேண்டும். மமகாரம் மிகவும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் எது? நிலத்தைக்கூட மனிதன் விட்டுவிடுவான். ‘என் பிள்ளை’ என்பதை விடான். பிள்ளையின் மதிப்பெண் குறைந்தால் தன் மதிப்பே குறைந்ததுபோல் முகம் கருகுகிறான். தான் எய்தாத பட்டத்தைப் பிள்ளை எய்தவேண்டும் என்று அதன் பத்தாம் வயதிலேயே தீர்மானித்துவிடுகிறான். மூத்தவன் இளையவனை அதட்டும்போது, அவன் வாயிலிருந்து தன் குரலும் தன் சொற்களும் தன் கடுமையும் அப்படியே வெளிவரக் கேட்டுத் திடுக்கிடும் தகப்பன், எந்த ஆற்றங்கரையிலும் கண்டிராத ஒன்றை அக்கணத்தில் கண்டுகொள்கிறான். தியானத்தில் அமர்ந்தவன் தன் கோபம் அடங்கிற்று என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். பால் கொட்டிய தரையின் முன் அந்த ஏமாற்று செல்லாது.

இவ்வுண்மையைப் பெரியாழ்வாரினும் ஆழமாக உணர்ந்தவர் அரியர். வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து மாலை கட்டிச் சாத்துவதையே வாழ்வாகக் கொண்டிருந்த அவருக்குத் துளசிச் செடியின் அடியில் ஒரு பெண்மகவு கிடைத்தது. ஒழுங்காக நடந்துவந்த கைங்கரியத்தின் நடுவே ஒரு குழந்தை! அவர் அதனை இடையூறாகக் கருதியதாக வரலாறு இல்லை. அவர் அருளிய பாசுரங்கள் திருப்பல்லாண்டு பன்னிரண்டும் உட்பட 473. அவற்றுள் பெரும்பகுதி யசோதையின் நிலையில் நின்று பாடியவை. தாலாட்டுதல், நிலவைக் காட்டி அழைத்தல், தளர்நடை காணல், காது குத்துதல், எண்ணெய் தேய்த்து நீராட்ட அழைத்தல், காக்கையைக் கூவித் தலைவாரச் செய்தல் என்று ஒரு தாயின் நாள் முழுவதும் அங்கே அடங்கியுள்ளது. அடுக்களையும் முற்றமுமான இச்சிறு வேலைகள் வேதத்தின் உட்பொருளைப் பேசுவதற்குத் தகுதியுடையன என்று அம்மகான் திருவுள்ளம் பற்றினார். கன்று மேய்க்க மகனைக் குடையும் செருப்பும் கொடாமல் வெயிலில் அனுப்பிவிட்டேனே என்று யசோதை நொந்துகொள்ளும் இடம், பள்ளிக்குப் போன பிள்ளை மழையில் நனைவதை எண்ணி நிலைகொள்ளாத எந்தத் தாய்க்கும் விளங்கும்.

ஆனால் பெரியாழ்வாரின் சோதனை மாலையின் வடிவில் வந்தது. இறைவனுக்கென்று கட்டிய மாலையை மகள் சூடி அழகு பார்த்ததைக் கண்டார். மனம் பதறிக் கடிந்துகொண்டார். அன்று மாலை சாத்தவில்லை. வழுவைத் திருத்தும் தகப்பனின் கடமையை அவர் சரியாகவே செய்தார். அன்றிரவு கனவில் எம்பெருமான், அவள் சூடிக் களைந்த மாலையே தனக்கு உகந்தது என்று உணர்த்தினான். தாம் வளர்த்த மகளைத் தாமே அறிந்திலர் என்று அவர் தெரிந்துகொண்ட இரவு அது. பிறகு அவளை அரங்கனுக்கே கொடுத்துவிட்டு வெறுங்கையராய் ஊர் திரும்பினார். ஒரே மகளைச் செங்கண்மால் கொண்டுபோனான் என்றும், புகுந்த வீட்டில் யசோதை மருமகளைக் கண்டு மகிழ்ந்து சீராட்டுவாளோ என்றும் ஏங்கும் ஒரு தாயின் புலம்பல் அவர் திருமொழியிலேயே உண்டு. பிள்ளை தன்னுடையதன்று என்னும் ஞானம் அவ்வேக்கத்தை அழித்துவிடவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பற்றறுத்தல் என்றால் பாசம் வற்றிப்போதல் என்று சிலர் பிள்ளைகளிடம் கல்லாகிவிடுகின்றனர். அதற்கு ஆழ்வாரிடம் ஆதரவு கிடையாது.

கூரத்தாழ்வானும் இல்லறத்தவரே. பெருஞ்செல்வத்தைத் துறந்து, திருவரங்கத்தில் உஞ்சவிருத்தியால் வாழ்ந்து, இரண்டு ஆண்மக்களை வளர்த்தவர். மூத்தவரான பராசர பட்டர் சிறு பிள்ளையாக இருந்தபோது, திருவாய்மொழியில் அடியாரைச் சிறியராகவும் பெரியராகவும் ஒருங்கே கூறும் சொல்லைக் கேட்டு, ‘ஒருவரே இரண்டுமாக இருப்பது எங்ஙனம்?’ என்று வினவினார். ஆழ்வான் பிரமாணங்களை அடுக்கவில்லை. உருவத்தால் சிறியராய் ஞானத்தால் பெரியராய் விளங்கிய ஸ்ரீவைஷ்ணவர்களைச் சுட்டிக்காட்டி, ‘இவர்களைப் போல’ என்றார். விடை கைவசம் இருந்ததற்குக் காரணம், அப்பெரியோர்களை அவர் அவ்வாறே கண்டு வாழ்ந்ததுதான். பிள்ளைகள் இக்காலத்திலும் கேட்கின்றனர். தாத்தா எங்கே போனார், பெருமாள் ஏன் பேசுவதில்லை, நெற்றியில் திருமண் எதற்கு என்று கேட்கின்றனர். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, ‘பெரியவனானால் தெரியும்’ என்று தள்ளிவிடுகிற தகப்பன், தனக்கே விடை தெரியாது என்பதைக் காணும் வாய்ப்பையும் உடன் தள்ளிவிடுகிறான்.

இத்தனையும் கூறியபின் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. ‘பிள்ளை வளர்ப்பே ஒரு தவம்’ என்னும் இனிய வாக்கியத்தைப் பெரும்பாலும் கூறுபவர் ஆடவர். அத்தவத்தைச் செய்பவர் பெண்டிர். கூடத்தில் கணவர் அனுஸந்தானத்தில் ஆழ்ந்திருக்க, மனைவி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெருமாளுக்குத் தளிகை செய்துகொண்டிருப்பாள். தளிகை பக்குவமாகவில்லையேல் அவருடைய திருவாராதனம் எவ்வாறு நிறைவேறும்? அவளுக்கும் ஓர் ஆத்மா உண்டு. அதற்கும் அர்த்த பஞ்சகம் வேண்டும். பிள்ளையை ஒருமணி நேரம் தாம் வாங்கிக்கொண்டு, ‘நீ திருப்பாவையை அனுஸந்தித்து வா’ என்று கூறும் கணவர் அவ்வொரு மணியில் இழப்பது யாது?

பெரிய நம்பியின் திருமகள் அத்துழாயின் சரிதம் இங்கு நினைவுக்கு வருகின்றது. புகுந்த வீட்டில், நீராடப் போகத் துணை வேண்டும் என்று அவள் கேட்க, ‘சீதன வெள்ளாட்டியை அழைத்து வந்திருக்கலாமே’ என்று மாமியார் குத்திப் பேசினாள். மகள் கண்ணீருடன் வந்தபோது பெரிய நம்பி வீண் ஆறுதல் கூறவில்லை, எம்பெருமானாரிடம் அனுப்பினார். அவர் அருகே இருந்தவர் முதலியாண்டான். எம்பெருமானாரின் மருமகன், சாஸ்திரங்களில் கரைகண்டவர். சரம ச்லோகத்தின் உட்பொருளைப் பெறவேண்டும் என்று அலைந்து காத்திருந்தவர். ‘சீதன வெள்ளாட்டியாகப் போம்’ என்று அவருக்கு நியமனமாயிற்று. அவர் மறுசொல் பேசாமல் சென்று, நீர் சுமந்தார், விறகு சுமந்தார், தளிகை செய்தார். ஒருநாள் அங்கு வந்த பண்டிதர் ஒருவர் தவறாகப் பொருள் கூறக் கேட்டு ஆற்றாமல் உண்மைப் பொருளை எடுத்துரைத்தபோதுதான், பணியாளர் இன்னார் என்று வீட்டார் அறிந்து நடுங்கினர். திரும்பி அழைத்துக்கொள்ளும்படி எம்பெருமானாரை வேண்டினர். சரம ச்லோகத்தின் பொருள் முதலியாண்டானுக்கு உபதேசிக்கப்பட்டது, அவ்வீட்டு அடுக்களையிலிருந்து அவர் திரும்பிய பின்னரே என்று பெரியோர் பணிப்பர்.