வெள்ளிக் காசும் பொருள் வரைதலும்

நாணயம் என்பது கொடுத்து வாங்குவதற்கென அடிக்கப்படுவது. கொடுக்கவும் மனமின்றி, செலவிடவும் வழியின்றி, பெட்டியில் வைத்துப் பார்த்து மகிழ்வதற்கென்றே அடிக்கப்படும் நாணயங்களும் உலகில் உள்ளன. பிரிட்டனின் அரச நாணயச் சாலை 2016-ஆம் ஆண்டு தொடங்கி 2021 வரை ‘அரசியின் விலங்குகள்’ என்னும் வரிசையில் பத்து வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. 1953-இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது அவர்தம் முன்னோரின் குலச்சின்னங்களாகிய பத்து விலங்குகளுக்குச் சிலைகள் வடித்து நிறுத்தினர். அவ்விலங்குகளே நாணயத்தில் ஏறின. இங்கிலாந்தின் சிங்கம், வேல்ஸ் நாட்டின் சிவப்பு டிராகன், ஸ்காட்லாந்தின் ஒற்றைக்கொம்புக் குதிரை, கிளாரன்ஸ் குடியின் கருங்காளை, ஹானோவர் குடியின் வெண்குதிரை என அவை வரிசைப்படும். ஒவ்வொன்றும் இரண்டு டிராய் அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 62 கிராம் எடையுள்ள, கலப்பற்றது என்றே சொல்லத்தக்க வெள்ளி. மேலே பொறித்த மதிப்பு ஐந்து பவுண்டு. உள்ளிருக்கும் வெள்ளியின் விலையோ அதனினும் பன்மடங்கு. ஆதலின் ஐந்து பவுண்டுக்கு அதனைக் கடையில் நீட்டுவார் எவருமிலர்.

மேனாம்பேட்டில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் வினவலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்வு பெற்ற பெற்றோர்க்கு அயல்நாட்டிலிருந்து மக்கள் கொணரும் பரிசுகளில் இத்தகைய காசுகளும் இடம்பெறத் தொடங்கிவிட்டன. எனக்குத் தெரிந்த மூதாட்டியார் ஒருவர், பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்தை ஏற்று, தம்மிடமுள்ள வெள்ளிக்கு எடைக்கணக்கில் எல்லை வகுத்துக் கொண்டவர். பேரன் கொணர்ந்த விலங்கு நாணயங்கள் ஆறு சேர்ந்தபின் அவர் கேட்டார்: “டீச்சரம்மா, இது பாத்திரமும் இல்லே, நகையும் இல்லே, படம் மாதிரிதானே? கணக்குல சேருமா?” எளிய வினாவாகத் தோன்றினும் எளியதன்று. எடை முந்நூற்றெழுபது கிராமுக்கு மேல் என்பது ஒருபுறமிருக்க, ஒரு பொருள் ‘எது’ என்பதையே அவர் வினவினார்.

சமந்தபத்திர ஆசாரியர் ஆப்தமீமாம்சையில் காட்டும் எடுத்துக்காட்டு இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது. பொற்குடத்தை உருக்கி முடியாகச் செய்கின்றனர். குடத்தை விரும்பியவன் வருந்துகின்றான். முடியை விரும்பியவன் மகிழ்கின்றான். பொன்னை விரும்பியவன் இரண்டுமின்றி இருக்கின்றான். திரவியம் நிலைபெற, பரியாயம் தோன்றி மறையும் என்பதை விளக்க எழுந்தது அவ்வுவமை. மூதாட்டியாரின் காசில் வெள்ளி திரவியம்; சிங்கம் பரியாயம். சிங்கத்தை விரும்புவோன் காசு உருக்கப்பட்டால் கலங்குவான். வெள்ளியை விரும்புவோன் கலங்கான். அங்ஙனமாயின் இரண்டாமவனே பற்றுக் குறைந்தவன் ஆவானோ?

ஆகான் என்பதே என் கருத்து. அவனது அமைதி உருவைப் பற்றியது மட்டுமே. விலையைப் பற்றி அவனுக்கு உறக்கமில்லை. 1980 சனவரியில் அமெரிக்காவில் வெள்ளி அவுன்ஸ் ஒன்றுக்கு ஐம்பது டாலரை நெருங்கியது. ஹன்ட் சகோதரர்கள் மலைபோல் வாங்கிக் குவித்ததும் அவ்வேற்றத்திற்குக் காரணம். அதே ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27-ஆம் நாள் அது பதினோரு டாலருக்கும் கீழே விழுந்தது. அச்சகோதரர் எந்தச் சிங்கத்தின் அழகிலும் மயங்கியவரல்லர்! 2025-இல் வெள்ளி விலை மளமளவென ஏறியபோது நம் தெருக்களிலும் எத்தனை பேர் காலையில் செய்தித்தாளின் அந்த மூலையையே முதலில் பார்த்தனர் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

உருவை விரும்புவோனுக்கு வேறொரு கண்ணி உண்டு. அதன் பெயர் வரிசை. ஒரு சிங்கம் அழகியது. அதனோடு நிறைவு கொள்ளலாம். ஆனால் பத்தில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தால், எஞ்சிய ஒன்பதும் இல்லாமை அன்றே பிறந்துவிடுகின்றது. அதற்கு முன்தினம்வரை அந்த இல்லாமை அவனிடம் இருந்ததில்லை. 2021-இல் பத்தும் நிறைவுற்றபின், பத்து விலங்குகளையும் ஒருங்கே தாங்கிய நிறைவு நாணயம் ஒன்று வந்தது. அத்துடன் முடிந்ததோ எனின் இல்லை. அடுத்து ‘டியூடர் விலங்குகள்’ என மற்றொரு வரிசை தொடங்கிற்று. அதன் முதல் விலங்கும் இங்கிலாந்தின் சிங்கமே! இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் இவ்விரதத்திற்கு இரண்டு பெயர் தருகின்றார்: பரிமித பரிக்கிரகம், இச்சா பரிமாணம். பொருளுக்கு எல்லை, வேட்கைக்கு எல்லை. முதலெல்லையைத் தராசு காட்டும். இரண்டாவதைக் காட்டும் தராசு கடைத்தெருவில் இல்லை. பேரன் ஆறாவதைத் தந்தபோது, ஏழாவது எது என்று மூதாட்டியார் கேட்டாரா என்பதே நான் அவரிடம் வினவிய எதிர்வினா. சற்றே சிரித்துவிட்டு, “கேட்டேன்” என்றார்.

கணக்கில் சேருமா என்னும் கேள்விக்கு என் விடை: ஐயமின்றிச் சேரும். தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்தின் அதிசாரங்களைக் கூறுமிடத்து, நிலம் வீடு முதலியவற்றுடன் இரணியத்தையும் பொன்னையும் வைத்தெண்ணுகின்றது. இரணியம் என்பதற்கு, வெள்ளி முதலியவற்றாலாகிய, கொடுக்கல் வாங்கலுக்குரிய பொருள் என்றே பூஜ்யபாதர் உரை கண்டார். நம் ‘ரூபாய்’ என்னும் சொல்லே உருப் பொறித்த வெள்ளி என்னும் பொருளுடைய வடசொல்லினின்று வந்தது. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே சீராக அடித்த ரூபாய் 180 கிரெயின் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் புலி பொறித்த நிக்கல் ரூபாய் வந்தது. பழைய ராஜா தலைக் காசுகளை நம் பாட்டிமார் துணியில் முடிந்து வைத்தனர். அவற்றைப் படமென்று எவரும் கூறியதில்லை. பெண்ணுக்குக் கொலுசு வேண்டுமெனில் தட்டானிடம் சென்றன.

குலச்சின்னம் என்பதையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம். சோழர் முத்திரையில் அமர்ந்த புலியோடு இரு மீனும் வில்லும் உண்டு. மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. வென்றவற்றையும் தன்னுடையவையாகக் காட்டும் முத்திரை அது. ஆங்கிலேயரின் பத்து விலங்குகளும் மணத்தாலும் போராலும் வந்து சேர்ந்த குடிகளின் அடையாளங்களே. நம் தீர்த்தங்கரர்க்கும் விலங்குகள் உண்டு. விருஷபருக்குக் காளை, சம்பவருக்குக் குதிரை, மகாவீரருக்குச் சிங்கம் என, அந்தப் பத்தில் மூன்று இங்கும் உள. ஆயின் பீடத்தில் செதுக்கிய இலாஞ்சனம் இவர் இன்னார் என அறிந்துகொள்ள மட்டுமே. எந்த நாட்டையும் அது உரிமை கோரவில்லை.

அட்சய திருதியை வந்தால் அம்பத்தூர் நகைக் கடைகளில் நிற்க இடமிராது. கால் கிராமேனும் வாங்கிவிட வேண்டும் என்று முண்டுகின்றனர். நம்மவரும் அதில் உளர். அந்நாள் நமக்கு எந்நாள்? ஆதிபகவன் சரியைக்கு எழுந்தருளியபோது, முனிவர்க்கு உணவளிக்கும் முறையறியாத மக்கள் மணியும் யானையும் குதிரையும் கொணர்ந்து நீட்டினர். அவர் துறந்து வந்தவற்றையே அவர் முன் வைத்தனர்! ஹஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் கருப்பஞ்சாறு அளித்தபின்னரே அவர்தம் நெடு நோன்பு நிறைவெய்திற்று. கொடுத்த நாளை வாங்கும் நாளாக்கியது யார் என்று நான் ஆராயப் புகவில்லை.

இறுதியாக, நினைவு நாணயங்களைப் பற்றிச் சிலர் கேட்கின்றனர். 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தையொட்டி வந்த 75 ரூபாய் நாணயம் 35 கிராம். அதில் பாதியே வெள்ளி. எனவே பதினேழரை கிராம் என்று எழுதிக்கொள்வது முறையாகும். 2024-இல் பகவான் மகாவீரரின் 2550-ஆவது நிர்வாண விழாவையொட்டியும் அரசு நாணயம் வெளியிட்டது. பெற்றவர் அதனைப் பேணி வைத்திருக்கட்டும். ஆயின் அதிலுள்ள வெள்ளியும் கணக்கில் சேரும். அவர் திருப்பெயரைத் தாங்கியிருக்கின்றது என்பதற்காக ஒரு கிராமும் குறைத்து எழுதலாகாது.