கேளாமல் வந்த காசு



நல்ல காரியம் ஒன்றுக்காக வீடு வீடாய்க் கையேந்திப் போகிறவர்களுக்கு இரண்டு அநுபவங்கள் தவறாமல் வாய்க்கும். நிச்சயம் கொடுப்பார் என்று நம்பிப் போன வீட்டில் வெறுங்கை விரிப்பார்கள். இவர்களிடம் என்ன இருக்கப் போகிறது என்று தாண்டிப் போன வீட்டிலிருந்தோ, ஒருவர் பின்னாலேயே ஓடி வந்து, கையில் காசை வைத்து அழுத்திவிட்டுப் போவார். முன்னதற்கு முகம் வாடுகிறோம், பின்னதற்கு வியப்படைகிறோம். வாட்டத்தை விட்டுவிடுவோம். அந்த வியப்பு எங்கிருந்து வருகிறது? எதிர்பாராத கொடை என்கிறோமே, எதிர்பாராமற்போனது யாருடைய குறை? இன்னொன்று: இல்லாதவர் மனமுவந்து கொடுத்தால் அதை வாங்கலாமா, வாங்கத்தான் வேண்டுமா? இக்கேள்விகளைச் சற்றுப் பொறுமையாய் ஆராய்வது நம் ஆத்துமத்துக்கு நன்மை தரும்.

நமக்கு மிகவும் பழக்கமான ஒரு சரித்திரத்திலிருந்தே தொடங்குவோம். 1542-ம் ஆண்டு மே மாதம் 6-ம் தேதி கோவாவில் வந்திறங்கிய அர்ச். பிரான்சிஸ்கு சவேரியார், அவ்வருஷமே முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே வேதம் போதித்ததும், தமிழ் ஜெபங்களை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியோடு ஊரைச் சுற்றிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிச் சொல்லிக் கொடுத்ததும் நம் நாட்டார் அறிந்தவை. ஏழாண்டுகள் கழித்து, 1549-ல், அவர் ஜப்பான் தேசம் போகப் புறப்பட்டு மலாக்காத் துறைமுகத்தில் வந்து தங்கினார். முன்பின் பாராத தேசம். எத்தனை காலம் தங்க நேரிடும் என்று தெரியாது. அங்கே சோறு போடவோ கோயில் கட்டவோ ஒரு கிறிஸ்தவக் குடும்பம் கிடையாது. ஏறிப்போகக் கிடைத்ததும் கள்ளன் என்று பட்டப்பெயர் பெற்றிருந்த ஒரு சீனனுடைய மரக்கலந்தான்.

அப்பொழுது மலாக்காக் கோட்டைக்குத் தலைவராயிருந்தவர் பேத்ரோ த சில்வா த காமா என்பவர். இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட வாஸ்கோ த காமாவின் மகன். இவர் அர்ச்சியசிஷ்டவருடைய பயணத்துக்கு வேண்டியதையெல்லாம் முன்னின்று செய்ததோடு நில்லாமல், உயர்ந்த ரக மிளகாகப் பார்த்து 30 பாரம் எடுத்துக் கொடுத்தார். பாரம் என்பது பல மணங்கு கொண்ட பெரிய அளவு. அக்காலத்தில் மிளகு பொன்னுக்கு ஒப்பான சரக்கு. அதை விற்றுத்தான் ஜப்பானில் சுவாமிமார் உண்ணவும் உடுக்கவும், ஒரு கோயில் எழுப்பவும் வேண்டும் என்பது கொடுத்தவருடைய கருத்து. இதைச் சவேரியார் தம் கடிதத்தில் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். ஜூன் 24-ம் தேதி கப்பல் புறப்பட்டது. ஆகஸ்டு 15-ம் தேதி, தேவமாதா பரலோகத்துக்கு ஆரோபணமான திருநாளன்று, அவர் கககோஷிமாவில் கரையேறினார்.

மூன்றாண்டுகள் சென்றபின் அதே மலாக்காவில் நடந்தது வேறு. 1552-ல் அவர் சீன தேசத்துக்குப் போக விரும்பினார். தியோகோ பெரேரா என்னும் வியாபாரி, அவருடைய உற்ற சிநேகிதர், சீன ராஜாவிடம் தூதராய்ப் போக நியமனம் பெற்று, கப்பலுக்கும் காணிக்கைகளுக்கும் தம் சொந்தப் பணத்தைத் தாராளமாய்ச் செலவழித்துப் புறப்பட்டு வந்தார். ஆனால் அப்பொழுது மலாக்காவில் அதிகாரம் செலுத்தியவர் அல்வாரோ த அத்தாயிதே. அவர் பெரேராவைப் போகவிடாமல் தடுத்தார். சவேரியார் எவ்வளவு மன்றாடியும் பயனில்லை. தூதரும் தூதுமின்றிக் கப்பல் மாத்திரம் போயிற்று. அர்ச்சியசிஷ்டவர் சீனக் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில், உள்ளே அழைத்துப் போக ஆளைத் தேடிக் காத்திருந்து, 1552 டிசம்பர் 3-ம் தேதி உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 46.

அந்த அல்வாரோ யார் தெரியுமா? அவரும் வாஸ்கோ த காமாவின் மகன்தான். மிளகு கொடுத்தவருக்கு உடன்பிறந்தவர்! ஒரே தகப்பனின் மக்கள், ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே அதிகாரம், கேட்டு நின்றவரும் ஒரே மனிதர். ஒருவர் கேட்டதற்கு மேல் கொடுத்தார். மற்றவர் பிறர் கொடுத்ததையும் தடுத்தார். மூன்றாண்டுகளுக்கு முன் அண்ணன் தம்பி இருவரையும் அருகருகே நிறுத்தி, இவர்களில் யார் கொடுப்பார் என்று கேட்டிருந்தால் நம்மில் யாரால் சொல்லியிருக்க முடியும்?

இங்கேதான் தத்துவ சாஸ்திரம் நமக்கு உதவிக்கு வருகிறது. தாராளம் என்னும் புண்ணியம் கொடுக்கும் பொருளின் அளவிலல்ல, கொடுப்பவனுடைய மனநிலையில் இருக்கிறதென்று கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டில் கற்பித்தார். அர்ச். தோமாஸ் அக்குயினாரும் அதையே எடுத்தாண்டு விளக்கியிருக்கிறார். ஒருவனுடைய வீட்டையும் உடுப்பையும் பார்த்து அவனிடம் எவ்வளவு இருக்கும் என்று ஒருவாறு கணக்கிடலாம். அவன் மனது எப்படித் திரும்பும் என்பதைக் கணக்கிட முடியாது. ஏனெனில் மனது சுயாதீனமுள்ளது. சுயாதீனமாய்ச் செய்யப்படுவதே கொடை. இவ்வளவு சம்பளக்காரன் இவ்வளவு தந்தேயாக வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடுமானால், அது வரியாகுமேயன்றிக் கொடையாகாது. ஆகையால், நாம் எதிர்பார்த்த கொடையுங்கூட, உண்மையான கொடையாயிருக்குமானால், நமக்குப் பாத்தியதை இல்லாத ஒன்றாகவே வந்து சேருகிறது. அதை வியப்போடு வாங்குவதே முறை.

ஆனால் வியப்பிலும் இருவகை உண்டு. "இது எனக்கு உரிமையில்லாதது, ஆயினும் கிடைத்ததே!" என்பது ஒருவகை. அது நன்றியின் தாய். "இவளா கொடுத்தாள்! இவளிடம் ஏது?" என்பது மறுவகை. இது கேட்பதற்கு முன்பே மனிதர்களுக்கு விலைச்சீட்டுக் கட்டிவிட்ட மனதிலிருந்து பிறக்கிறது. பெரிய வீட்டு வாசலில் நின்று இரந்து கேட்பதும், குடிசை வாசலில் நில்லாமலே கடந்து போவதும், பார்வைக்கு இரக்கம்போல் தோன்றினும், அதனுள்ளே ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கக் கூடும். ஏழையினிடம் பணம் இல்லை என்று எண்ணியதோடு, அவனிடம் கொடுக்கும் மனமும் இராது என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம் அல்லவா?

நம் பங்கின் வாலிபர் சிலர், விடுமுறையில் ஒரு மாதம், வடநாட்டு மலைவாசிகளிடையேயுள்ள ஒரு வேதபோதக நிலையத்துக்குப் போய்ச் சிறுவர்களுக்கு ஞானோபதேசமும் எழுத்தும் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். ரயில் செலவுக்கும், புஸ்தகங்களுக்கும், கம்பளிகளுக்கும் நிதி திரட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும், பஸ் நிற்குமிடத்தில் அவித்த கடலை விற்கும் ஒரு மூதாட்டி அறைவீட்டுக்கு வந்து, முந்தானையில் முடிந்திருந்த 2,000 ரூபாயை மேஜைமேல் வைத்தாள். அவள் வீட்டுக்கு யாரும் ரசீதுப் புஸ்தகத்தோடு போகவில்லை. "சாமி, எனக்கு ரயிலேறிப் போற வயசு இல்ல. என் காசாவது போயிட்டு வரட்டும்" என்றாள். அந்தப் பணம் எதற்கென்று வைத்திருந்தாய் என்று விசாரித்தபோது, தன் சாவுச் செலவுக்கு என்று சற்றும் கூசாமல் சொன்னாள்.

வாலிபர்கள் கலங்கிப் போனார்கள். "திருப்பிக் கொடுத்துவிடுவோம் சாமி, இந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்தால் எங்களுக்கு மனது கேட்காது" என்றார்கள். அவர்கள் சொன்னது நல்ல மனதிலிருந்து வந்த வார்த்தை. அதை இலேசாய்த் தள்ளிவிடக் கூடாது. அர்ச். தோமாஸ் இவ்விஷயத்தில் ஓர் எல்லை வகுத்திருக்கிறார். தேவைக்கு மிஞ்சியதிலிருந்து தர்மம் செய்வது கடமை. தேவைக்கு உரியதிலிருந்து கொடுப்பது கட்டளையல்ல, ஆலோசனை. தானோ, தன்னை நம்பியிருப்பவர்களோ பிழைக்க வழியில்லாமற் போகும்படி கொடுப்பது சாதாரணமாய்ச் சரியன்று. ஆகவே முதலில் கேட்க வேண்டியது இது: அந்தக் காசை வாங்கினால் யாருடைய சோறு குறையும்? அவள் கையைப் பார்த்திருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தால், அல்லது அவளுக்கே நாளை மருந்து வாங்க அதுதான் கதி என்றால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே நீதி. பிள்ளையின் பாலை எடுத்துப் பீடத்தில் வைப்பதைச் சர்வேசுரன் கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்கோ வேறு ஒருவருமில்லை. நாள்தோறும் தன் உழைப்பில் உண்கிறாள். மருந்துக்கும் தனியே கொஞ்சம் வைத்திருக்கிறாள். அவள் கொடுத்தது தன் சவப்பெட்டியை. அதைக் கொடுக்க அவளுக்குச் சுயாதீனம் உண்டா இல்லையா?

வேதாகமம் என்ன சொல்லுகிறது? எலியாஸ் தீர்க்கதரிசி பஞ்ச காலத்தில் சரேப்தா ஊர் விதவையிடம் போனபோது, அவளிடம் ஒரு பிடி மாவும் சிறிது எண்ணெயுமே மீதி. அதை அவள் மறைக்கவுமில்லை. அப்படியிருந்தும், முதல் அப்பத்தைத் தமக்குத் தரும்படி அவர் கேட்டார். ஆனால் வெறுமனே கேட்கவில்லை. பானையில் மாவு குறையாது என்று ஆண்டவர் பேரால் அவளுக்கு வாக்குக் கொடுத்துக் கேட்டார். இதை மறவாதீர்கள், பின்னால் இதற்கு வருவோம். நமது ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்து, ஓர் ஏழை விதவை தன் சீவனத்துக்கான இரண்டு காசுகளையும் போடக் கண்டார், தடுக்கவில்லை. சீஷர்களை அழைத்துக் காட்டினார். அர்ச். சின்னப்பர் ஜெருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது, வறுமையிலிருந்த மக்கேதோனியா நாட்டுச் சபைகள் தங்கள் சக்திக்கு மேல் கொடுத்தன. இந்தத் தர்மத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டுமென்று அவரிடம் கெஞ்சினதாகவும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்லுகிறார். அவர்களை ஒதுக்கியிருந்தால், பணத்தோடு பங்கையுமல்லவா மறுத்திருப்பார்?

இதுதான் காரியத்தின் உட்பொருள். கொடுப்பவன் பெரியவன், வாங்குகிறவன் சிறியவன் என்று உலகம் நினைக்கிறது. அப்படியானால் ஏழையிடமிருந்து வாங்க மறுக்கிறவன், தான் என்றும் மேலேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவனாகிறான். அவள் என்றென்றும் வாங்கும் கையாகவே இருக்க வேண்டுமா? வேதபோதகம் திருச்சபை முழுவதற்கும் உரிய வேலையென்றால், கடலை விற்கும் கையும் அதில் சேராமலிருக்க நியாயம் என்ன?

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவள் பிரான்சு தேசத்து லியோன் நகரிலிருந்த பவுலின் மரிய ஜரிக்கோ. வேதபோதகத்துக்காக, அங்கிருந்த பட்டுத் தொழிலாளப் பெண்களைப்போன்ற எளியவர்களைப் பத்துப் பத்துப் பேராய்ச் சேர்த்து, ஆளுக்கு வாரம் ஒரு சூ வாங்கினாள். சூ என்பது அந்நாட்டுச் சல்லிக்காசு. 1822-ல் விசுவாசப் பரப்புதல் சபை அந்தச் சல்லிக்காசுகளின் மேல் எழும்பிற்று. சரியாக நூறாண்டுகள் கழித்து, 1922-ல், பதினோராம் பத்திநாதர் பாப்பானவர் அதைப் பரிசுத்த பாப்பரசருடைய சபையாக உயர்த்தினார். அக்டோபர் மாதத்தில் நாம் ஆண்டுதோறும் கொண்டாடும் வேதபோதக ஞாயிறும் 1926-ல் அவர் ஏற்படுத்தியதே. ஆனால் உலகத்தின் கோடிவரை காசு போய்ச் சேர வழி செய்த ஜரிக்கோ, பிற்காலத்தில் கடன்பட்டு, 1862-ல் பரம ஏழையாய் இறந்தாள். 2022-ல் திருச்சபை அவளை முத்திப்பேறு பெற்றவளென்று அறிவித்தது. பிறர் கொடுத்ததை எண்ணி நன்றி கூறுகிற நாம், அப்படிக் கொடுத்தவர்களுக்கு இல்லாமை வரும்போது எங்கே இருக்கிறோம் என்று அவளுடைய கடைசி நாட்கள் நம்மைக் கேட்கின்றன.

எலியாஸ் விதவையிடம் வாக்குக் கொடுத்தே வாங்கினார் என்றேன் அல்லவா? வாங்குகிறவனுடைய கடமை அதில் அடங்கியிருக்கிறது. கொடை விலையல்ல, ஆகையால் கொடுத்தவருக்கு முதல் பெஞ்சியும் கல்வெட்டும் கடன் என்று எண்ணத் தேவையில்லை. ஆனால் அது எந்தக் காரியத்துக்கு வந்ததோ அந்தக் காரியத்துக்கு நாம் கடன்பட்டவர்கள். அர்ச். சின்னப்பர் தாம் ஒருவராகவே பணத்தைக் கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் கூட்டிப் போனார். பெருந்தொகையைக் கையாளும்போது ஒருவரும் குறை சொல்ல இடமிராதபடி பார்த்துக்கொண்டார். இரண்டாவது, ஏழை ஒருத்தியின் காசை ஒரு பங்கு வாங்கும்போது, அந்தக் காசோடு அவளையும் வாங்கிக்கொள்கிறது. அவள் தன் அடக்கச் செலவை நமக்குக் கொடுத்தாளென்றால், அவளை அடக்கம் செய்வது இனி நம் கடமை. உயிரோடிருக்கும் நாளில் அவளை விசாரிப்பதும் நம் கடமை. இதற்கு மனமில்லாத பங்கு அந்த 2,000 ரூபாயை அன்றே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நாம் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாலிபர்களுடைய பயணத்தின் வரவு செலவுக் கணக்கு அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எழுதி ஒட்டப்படும். ரசீதுகளை யாரும் பார்க்கலாம். யாருமில்லாத நம் பங்கு முதியோர் எவராயிருந்தாலும், காசு கொடுத்தவரானாலும் கொடாதவரானாலும், அவர்களுடைய அடக்கத்தைப் பங்கே ஏற்று நடத்துவதற்கு ஒரு நிதி வைக்கும்படி அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்காக அவர்கள் வீடு வீடாய் வருவார்கள். இம்முறை ஒரு வாசலையும் தாண்டிப் போகலாகாது என்பது அவர்களுக்கு என் கட்டளை. கொடுக்க இயலாதவர்கள் கூச்சமின்றி இல்லை என்று சொல்லுங்கள். அவர்களுக்காக ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். ஆனால் கேட்கப்படாதவர் என்று ஒருவரும் நம் பங்கில் இருக்க வேண்டாம்.

சர்வேசுரன் உங்களையும் உங்கள் வீடுகளையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்கு சுவாமி