தீட்டுக்குக் கட்டம் இல்லை

நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கொல்லையில் இருக்கும் நீச்சல் குளத்தைக் குளிர்காலத்துக்கு மூட ஆள் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை போன் போட்டு, பத்தரைக்கு மேல் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"ராகு காலம் மாமா. அம்மா சொல்லிட்டாங்க."

மாப்பிள்ளை கணினியில் முதுகலை படித்தவர். காலை ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்டு யாரோ போட்ட கணக்கை, கோடைக்காகக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும் நாட்டில் உட்கார்ந்து கடைப்பிடிக்கிறார். "கடிகாரத்தைத் திருப்பினா ராகுவும் கூடவே திரும்புவாரா மாப்பிள்ளை?" என்றேன். சிரித்தார். ஆனால் ஆள் பத்தரைக்குத்தான் வந்தான்.

ராகுவை விடுங்கள். நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

குளத்தை மூடுவது என்றால் பாயை விரித்து மூடிவிட்டுப் போவதில்லை. 32 அடி நீளம், 16 அடி அகலம், 70,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். அதை முழுதாக இறைத்துவிடவும் கூடாது. நிலத்தடி நீர் கீழிருந்து முட்டினால் காலித் தொட்டி படகு போல மேலே எழும்பிவிடும். அப்படியே விட்டாலும் ஆபத்து. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும், குழாயெல்லாம் வெடிக்கும். அதனால் மட்டத்தை மட்டும் குறைத்து, கம்ப்ரஸர் வைத்துக் குழாய்களுக்குள் காற்றை அடிக்கிறார்கள். எதிர்ச் சுவரில் குமிழி கொப்பளிக்கும். குழாயில் தண்ணீர் தீர்ந்து வெறும் காற்று வந்ததும் ரப்பர் அடைப்பானைத் திருகிவிடுகிறார்கள். மிச்சத்துக்கு, உறையாமல் இருக்க இளஞ்சிவப்பாக ஒரு திரவம். கடைசியில் போர்வையை இழுத்து, தரையில் பதித்த பித்தளைக் கொக்கிகளில் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, கேட்டால் சொல்கிறார்கள். கோயில் குடமுழுக்கில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

போர்வை போடுவதற்கு முன்னால் வந்த ஆள் தண்ணீரைச் சோதித்தான். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் ஐந்து சின்னக் கட்டங்கள். முக்கி எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறத்துக்கு மாறும். குளோரின் எவ்வளவு, காரம் எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளலாம். பிஎச் 7.2-லிருந்து 7.6-க்குள் இருக்க வேண்டுமாம். அன்று கூடுதலாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் குடுவையைத் திறந்து அளந்து ஊற்றினான். மூரியாட்டிக் ஆசிட். வேறொன்றுமில்லை, நம் வீடுகளில் கக்கூஸ் கழுவ வாங்குகிறோமே, அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். வாடை வந்ததும் எனக்கு ஒரு புகைப்படம் ஞாபகம் வந்தது.

1964 ஜூன் 18. புளோரிடா மாநிலம் செயின்ட் அகஸ்டின் நகரம், மான்சன் மோட்டார் லாட்ஜ். வெள்ளையர்களுக்கு மட்டுமான அந்த விடுதியின் நீச்சல் குளத்தில், நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கினார்கள். விடுதி மேலாளர் ஜேம்ஸ் பிராக் இதே மூரியாட்டிக் ஆசிட்டை எடுத்து வந்து குளத்தில் ஊற்றினார். படத்தில் அவர் கரையோரம் குனிந்து ஊற்றுகிறார், தண்ணீருக்குள் ஒரு பெண் அலறுகிறாள். இவ்வளவு தண்ணீரில் அந்த ஆசிட் எடுபடாது என்று மற்றவர்களுக்குக் காட்ட, உள்ளே நின்ற ஒருவர் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். மறுநாள் குடிமை உரிமைகள் சட்ட மசோதா செனட்டில் நிறைவேறியது. ஜூலை 2-ல் சட்டமானது.

அமெரிக்கக்காரனின் அநியாயத்தைப் படித்து உச்சுக் கொட்டுவது நமக்குச் சுலபம். அதற்கு 37 வருடம் முன்னால், 1927 மார்ச் 20 அன்று, அம்பேத்கர் தம் மக்களோடு மகாடு ஊர்ச் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். நகராட்சியே எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்த குளம் அது. அவர்கள் போனபிறகு சாதி இந்துக்கள் சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 பானைத் தண்ணீரை அதில் ஊற்றி மந்திரம் சொன்னார்கள். குளம் 'சுத்தமாகி'விட்டது. ஆடுமாடு குடித்தபோது கெடாத தண்ணீர் மனிதன் குடித்ததும் கெட்டது, மாட்டுச் சாணி விழுந்ததும் தேறிக்கொண்டது. 2022 டிசம்பரில் நம் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூக மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அங்கே ஆசிட், இங்கே சாணி, அப்புறம் மலம். ஊற்றுகிற பொருள்தான் மாறுகிறது.

அந்தப் பட்டையில் ஒன்றைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து கட்டம். தீட்டுக்குக் கட்டம் இல்லை.

ஊர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயசிருக்கும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினேன். ஒருநாள் உச்சி வெயிலில், மாடு மேய்க்க வந்த சேரிப் பையன் ஒருவன் ஆள் இல்லை என்று நினைத்துக் குதித்துவிட்டான். அவனுக்கு விழுந்த அடியைச் சொல்லப் போவதில்லை. தோட்டக்காரர் மோட்டாரைப் போட்டு, ராத்திரி முழுக்கக் கிணற்றை இறைத்து வாய்க்காலில் விட்டார். அடியில் தவளைகள் கத்தின. இரண்டு நாளில் புதுத் தண்ணீர் ஊறியது, சில்லென்று, அடிப் பாறை தெரியத் தெரிய. அதில் முதலில் குதித்தவன் நான். அன்றைக்கு எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. இறைத்த தண்ணீர் பாய்ந்த நெல்லை அந்தத் தோட்டக்காரர் வீட்டில் சாப்பிட்டார்களா என்று கேட்கத் தோன்ற இருபது வருடம் ஆனது.

அமெரிக்காவில் சட்டம் வந்ததும் குளங்கள் திறந்துவிட்டன என்று நினைக்காதீர்கள். மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் ஐந்து பொதுக் குளங்கள் இருந்தன, நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. சேர்ந்து குளிக்க விட வேண்டும் என்ற நிலை வந்ததும் நகராட்சி, தனக்குச் சொந்தமான நான்கையும் மூடிவிட்டு, குத்தகைக்கு எடுத்திருந்த ஐந்தாவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1971-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: இரு தரப்புக்கும் சேர்த்துத்தானே மூடினார்கள், இதில் பாகுபாடு எங்கே இருக்கிறது? தன் பிள்ளை நீந்தாவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவன் பிள்ளையோடு நீந்தக் கூடாது என்பதற்குச் சமத்துவம் என்று பேர் வைத்தாகிவிட்டது.

மூடியவர்கள் தண்ணீரை மறந்துவிடவில்லை, வீட்டுக்குக் கொண்டு போனார்கள். வசதியுள்ள வெள்ளையர் புறநகருக்குக் குடிபோய் உறுப்பினர் சங்கம் வைத்தார்கள், கொல்லையில் குளம் தோண்டினார்கள். மேரிலாந்தில் அப்படி ஒரு சங்கக் குளம், அதே வட்டாரத்தில் வீடு வாங்கிய கறுப்பர் குடும்பத்தைச் சேர்க்க மறுத்து, 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கொல்லைக் குளத்துக்கு அந்தத் தொல்லையும் இல்லை, உறுப்பினர் அட்டையே கிடையாது. கொல்லையில் குளம் வைத்தவர்கள் எல்லோரும் நிறவெறியர்கள் என்று நான் சொல்லவில்லை. செழிப்பும் காரும் புறநகரும் காரணம்தான். இதுவும் ஒரு காரணம். பொதுக் குளம் போன இடத்தில் நீச்சலும் போனது. 10 முதல் 14 வயதுக் கறுப்பினக் குழந்தைகள் நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாகும் விகிதம், வெள்ளைக் குழந்தைகளைப் போல 7.6 மடங்கு என்கிறது அந்த நாட்டின் நோய்த் தடுப்பு மையம்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மகள் என்னை முறைத்தாள்.

"வீட்டோட வந்த குளம் மாமா. இதுல நான் என்ன பண்ணேன்?" என்றார் மாப்பிள்ளை.

நியாயமான கேள்வி. அவர் யார் மேலும் ஆசிட் ஊற்றவில்லை. நானும் அந்தப் பையனை அடிக்கவில்லை, ஊறி வந்த தண்ணீரில் குளித்தேன், அவ்வளவுதான். "சரி, இந்தக் கோடையில எத்தனை நாள் இறங்குனீங்க?" என்றேன். பதினைந்து நாள் இருக்கும் என்றார். "யார் யார் வந்தாங்க?"

"நம்ம ஆளுங்கதான் மாமா."

"நம்ம ஆளுங்கன்னா? தமிழ் ஆளுங்களா?"

பதில் வரவில்லை. மகள் ரசச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அவர்கள் போனில் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் எந்த ஊர்க்காரர்கள், எந்த வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சும் அதில்தான் நடக்கிறது. ஊரிலிருந்து பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்து, வேலி போட்ட கொல்லையில், குளோரின் போட்டு வடிகட்டிய தண்ணீரில், இறங்கலாமா கூடாதா என்பதை இன்னும் அந்தக் கிணற்றுக்காரர்தான் முடிவு செய்கிறார்.

அலபாமா மாநிலம் மான்ட்கோமரி நகரத்தில் ஓக் பார்க் என்று ஒரு பூங்கா உண்டு. கறுப்பர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வழக்கு வந்ததும், 1959-ல் நகராட்சி தன் பூங்காக்களையெல்லாம் இழுத்து மூடியது, ஓக் பார்க் நீச்சல் குளத்தை மண் கொட்டி மேவியது. சில வருடம் கழித்துப் பூங்காவைத் திறந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டுக் குளத்தின் போர்வையை மே மாதக் கடைசியில் எடுப்பார்கள். ஓக் பார்க் குளத்தைத் திரும்பக் கட்டவே இல்லை.