ஸுல்ஹும் நீதியும்

வழக்கு முடிவதும் பகை முடிவதும் ஒன்றல்ல. பிணக்குகளைப் பேசித் தீர்க்கவென 2005இல் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் எழுந்தது. பின்னர் மாவட்டங்கள்தோறும் கிளைத்தது. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டமோ, ஒரு வட்டாரத்தாரின் அமைதியைக் குலைக்கும் பூசல்களை மூன்று சமரசர்கள் தீர்த்துவைக்கும் சமுதாய சமரசத்தையும் வகுத்துள்ளது. அத்தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பாணையின் வலிமை இல்லை. இரு தரப்பாரின் மன இசைவே அதன் வலிமை.

ஆயின், மயிலாப்பூரில் வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டுக்காரருக்கு அஞ்சித் தம் முன்பணத்தில் பாதியை விட்டுக்கொடுத்தால், அது இசைவாகுமா? பொருதிய இரு கூட்டத்தாரிடையே ஸுல்ஹு, அதாவது இணக்கம், உண்டாக்கப் பணிக்கும் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம், அவ்விணக்கம் நீதி வழுவாததாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

எனவே, இத்தகைய மன்றங்களின் வளர்ச்சியைத் தீர்த்த பிணக்குகளின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் தகாது. எளியவர் ‘இதற்கு நான் இசையேன்’ என்று அச்சமின்றிச் சொல்லி எழுந்துசெல்ல இயலுமா என்பதே உரைகல்.