ரேக்கில் இட்ட சந்தனம்

காங்கேயத்து அரிசி ஆலைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் ஆயுதபூசையன்று இயந்திரங்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடும்போது, அலுவலக அறையில் பத்தொன்பது அங்குல இரும்புச் சட்டமாகிய ரேக்கில் திருகி நிறுத்திய ரவுட்டருக்கும் ஒரு பொட்டு இடுவது பொருந்துமா என்ற கேள்வி, நெல் அரைக்கும் இயந்திரத்தைவிட இங்கே கூர்மை பெறுகிறது. ஏனெனில் ரவுட்டர் அறிவுடையதுபோல் இயங்குகிறது. வந்து சேரும் ஒவ்வொரு தரவுப் பொதியின் சேருமிட முகவரியையும் பார்த்து, எந்தப் பக்கம் அனுப்புவது எனக் குறித்துவைத்த வழி அட்டவணையில் அதற்கு மிக நெருங்கிப் பொருந்தும் வரியைத் தேர்ந்து, அது பொதியை அனுப்பிவிடுகிறது.

ஆனால் அந்த அட்டவணை அதற்குத் தானாக வந்ததன்று. சட்டத்தில் பொருத்தி, மின்சாரம் தருமுன் எர்த் கம்பியை இணைத்து, கன்சோல் கேபிள் வழியே மடிக்கணினியிலிருந்து ஒவ்வொரு போர்ட்டுக்கும் முகவரி கொடுத்து, அட்டவணையில் இல்லாத முகவரிகளையெல்லாம் இணையச் சேவை நிறுவனத்தின் பக்கம் தள்ளிவிடும் இயல்புநிலை வழியையும் ஒருவர் எழுதிவைத்த பின்னரே அது பயன்படுகிறது. ஆலையிலிருந்து வெளியே செல்லும் பொதிகளில் பெரும்பாலானவை இந்த ஒற்றை வரியை நம்பியே போகின்றன. தெரியாததை மேலிருப்பவரிடம் ஒப்படைக்கும் இச்செயலைச் சரணாகதி எனச் சொல்லத் தோன்றும். எனினும் சரணடைவதற்கு அறிவு வேண்டும், அது இங்கே இல்லை.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பா, ஐம்பொறிகள் உயிரால் அறிகின்றனவேயன்றித் தம்மையும் அறியா, தம்மை இயக்கும் உயிரையும் அறியா என்றும், உயிரும் அவ்வாறே இறைவனால் அறிகிறது என்றும் நிறுவுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், குயவன் நிமித்த காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம் எனச் சைவ சித்தாந்திகள் பகுப்பர். ரவுட்டரின் இடம் அந்தத் துணைக்காரணமே. துணைக்காரணம் அறியாது, எனினும் அதுவின்றிக் குடம் உருவாகாது. ஆகவே பொட்டு, கருவியைத் தெய்வமாக்காமல், அதனைச் சார்ந்தே தன் தொழில் நடக்கிறது என்று ஆலைக்காரர் ஒப்புக்கொள்வதாகிறது. அது மூடநம்பிக்கை ஆகாது.

அருகிலுள்ள சிவன்மலை முருகன் கோயிலில், பக்தரின் கனவில் உத்தரவான பொருளை, சுவாமியிடம் பூக்கேட்டு உறுதிசெய்த பின், ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்னும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். மண்ணும் தண்ணீரும்கூட அதற்குள் வைத்து வணங்கப்பட்டுள்ளன. அவற்றை எவரும் முருகன் என எண்ணியதில்லை. ஆயுதபூசையன்று ஆலையின் பிற கருவிகளுக்கு ஓய்வு உண்டு, ரவுட்டரோ பூசை வேளையிலும் ஓடுகிறது. அதனால் விபூதித்தூள் விசிறித் துளைகளுக்குள் புகாதபடி, குழைத்த சந்தனத்தை ரேக்கின் கதவில் இடுவதே முறை.