பிலாலின் நிறம்



கர்நாடகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலுள்ள எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரக் காடுகளில் சித்திகள் என்னும் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்கர்கள். போர்த்துக்கீசியர் கோவாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களில் பலர் தப்பி இக்காடுகளில் ஒளிந்தனர். இன்று அவர்களில் நம் தீனைச் சேர்ந்தவர்களும், கிறிஸ்தவர்களும், இந்துக்களும் உண்டு. கன்னடமும் கொங்கணியும் உருதுவும் பேசுகிறார்கள். 2003-ல்தான் பழங்குடிப் பட்டியலில் இடம் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் பிறந்தும், கருத்த மேனியையும் சுருண்ட முடியையும் கண்டவர்கள், "எந்த நாட்டுக்காரர்?" என்றே கேட்கிறார்கள்.

எங்கோ மலைநாட்டுச் செய்தி என்று இதைத் தள்ளிவிடலாகாது. 1848-ல் பிரெஞ்சு அரசு அடிமை முறையை ஒழித்தபின், ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக உழைத்த ரீயூனியன் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு நம் காரைக்கால் துறையிலிருந்தும் கூலிகள் கப்பலேற்றப்பட்டார்கள். வெள்ளைத் துரைமார்களின் கண்ணுக்கு நம்மவரும் கறுப்பர்களே!

மார்க்கம் என்ன சொல்கிறது? மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சிகளில் ஒன்று என்று அர்ரூம் சூராவில் அல்லாஹ் அறிவிக்கிறான். அத்தாட்சியை இகழலாமா? ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி ஏசிய அபூதர் (ரலி) அவர்களை, ஜாஹிலிய்யத்து உம்மில் இன்னும் இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். ஹிஜ்ரி 8-ல் மக்கா வெற்றியின்போது கஃபாவின் மீது ஏறிப் பாங்கு சொல்லப் பணிக்கப்பட்டவர், ஹபஷி அடிமையாக இருந்த பிலால் (ரலி) அவர்கள்தாம்.

நம் நாட்டுச் சரித்திரத்தையும் பாருங்கள். ஹபஷாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அஹ்மத்நகர் அரசைத் தாங்கி நின்று, ஜஹாங்கீரின் படைகளை 1626-ல் தாம் இறக்கும்வரை எதிர்த்தார். பின்னாளில் அவுரங்காபாத் எனப்பட்ட ஊரை நிறுவி, அதற்கு நீர்க்கால்வாயும் அமைத்தார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பெண் பார்க்கப் போகிறவர்கள் அவளுடைய தொழுகையை, ஓதலை, குணத்தை விசாரிக்குமுன், "பெண் நிறமா?" என்கிறார்கள். மாநிறத்துக்குக் குறைந்தால் நகையைக் கூட்டிக் கேட்கிறார்கள். அல்லாஹ் படைத்த மேனிக்குத் தண்டம் வசூலிக்க நாம் யார்? பெற்ற தாயே மகளைக் "கருப்பி" என்று கூப்பிடுகிறாள். அந்தப் பிள்ளையின் கல்பு நோவதை யார் அறிவார்?

பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைக்கு ஆசையோடு வைத்துவிட்டு, அவர்களின் நிறத்தில் பிறந்த பெண்ணை வேண்டாமென்பது எந்த நியாயம்? அடுத்த சம்பந்தம் பேசும்போது நிறத்தைப் பற்றிய கேள்வியை நம் வீட்டில் எவரும் கேட்பதில்லை என்று முடிவு செய்வோம்.

அதற்குரிய தவ்ஃபீக்கை அல்லாஹ் தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.