நமக்கு இழைக்கப்பட்ட அநீதி

அநீதி செய்தல் பாவம் என்பதை நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றுக்கொண்டோம். ஆனால், அநீதிக்கு உள்ளாவதும் ஆன்மாவுக்கு ஆபத்தான வேளை என்பதை எவரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. தவறு செய்தவனை அவனது மனச்சான்று உறுத்தும். தவறு இழைக்கப்பட்டவனையோ, இனி தான் செய்வதெல்லாம் நியாயமே என்ற எண்ணம் தாலாட்டி உறங்க வைத்துவிடும். பிரேசில் நாட்டுக் கார்ப் பந்தய வீரர் அயர்டன் சென்னாவின் வாழ்வு இவ்வுண்மையை நமக்குக் காட்டுகிறது.

1960இல் சாவோ பாவுலோ நகரில் பிறந்த சென்னா, 1984இல் ஃபார்முலா ஒன் பந்தயங்களில் அடியெடுத்து வைத்தார். பத்தாண்டுகளில் 41 வெற்றிகளை ஈட்டினார். 1988, 1990, 1991 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். மழை நனைத்த பாதையில் அவருக்கு நிகர் அவரே என்றனர். விவிலியம் வாசிப்பவர், தம் இறைநம்பிக்கையைப் பலர் முன்னிலையில் பேசத் தயங்காதவர்.

1989 அக்டோபரில் ஜப்பானின் சுசூகா பந்தயத்தில் அவரும், அவருடைய அணியிலேயே இருந்த பிரெஞ்சு வீரர் அலன் புரோஸ்டும் ஒரு வளைவில் மோதிக்கொண்டனர். புரோஸ்ட் இறங்கிவிட்டார். சென்னாவோ பணியாளர்கள் தள்ளிவிட, மீண்டும் ஓட்டி முதலாவதாக வந்தார். ஆனால், வளைவைச் சுற்றாமல் மாற்றுவழியில் பாதைக்குத் திரும்பினார் என்று அவரைத் தகுதியிழக்கச் செய்தனர். பட்டம் புரோஸ்டுக்குச் சென்றது. அத்தீர்ப்பு நேர்மையற்றது எனப் பலர் கருதினர். நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

ஓராண்டு கழிந்தது. 1990 அக்டோபர் 21, அதே சுசூகா. புரோஸ்ட் இப்போது ஃபெராரி அணியில் இருந்தார். தகுதிச் சுற்றில் முந்திய சென்னா, தமக்குரிய முதலிடத்தைப் பாதையின் தூய்மையான பக்கத்தில் அமைக்கும்படி கேட்டிருந்தார், அது நடக்கவில்லை. இரண்டாவது முறையாகத் தாம் வஞ்சிக்கப்பட்டதாக அவர் உணர்ந்தார். பந்தயம் தொடங்கியதும் புரோஸ்ட் முந்தினார். முதல் வளைவில் சென்னா வேகத்தைக் குறைக்காமல் அவர்மீது மோதினார். மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகம். பின்னால் இருபதுக்கும் மேற்பட்ட கார்கள். இருவரும் மணலில் போய் நின்றனர். உயிரிழப்பு இல்லை. பட்டம் சென்னாவுக்கு வந்தது. அது தற்செயல் அன்று, தாம் எண்ணியே செய்தது என 1991இல் அவரே ஒப்புக்கொண்டார்.

அவர் ஆபத்தை அறியாதவரா? சுசூகாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், ஸ்பெயின் நாட்டின் ஹெரெஸ் நகரில் மார்ட்டின் டானெல்லி என்ற வீரர் விபத்தில் சிக்கிச் சிதைந்த கால்களுடன் பாதையில் கிடந்தார். சென்னா அவ்விடத்துக்கே சென்று பார்த்தார். உயிர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அவர் கண்ணாரக் கண்டிருந்தார்.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1992 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்திடலில், பயிற்சியின்போது பிரெஞ்சு வீரர் எரிக் கோமாஸ் மோதி நினைவிழந்தார். அவரது கால் விசைமிதியின்மீதே அழுந்தியிருக்க, இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. சென்னா தம் காரை நிறுத்தி இறங்கினார். மற்றக் கார்கள் விரைந்து வரும் பாதையிலேயே ஓடினார். தீப்பற்றும் முன் இயந்திரத்தை நிறுத்தினார். மருத்துவர் வரும்வரை கோமாஸின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

இவ்விரண்டையும் தராசின் இரு தட்டுகளில் இட்டு நிறுக்க நாம் முனைகிறோம். ஓர் உயிரைக் காத்தவருக்கு மற்றது மன்னிக்கப்படலாகாதா என்கிறோம். ஆனால், நற்செயல் தீச்செயலைக் கழிக்கும் கணக்கு அறநெறியில் இல்லை. அயலானின் உயிருக்கு என்ன மதிப்பு என்பதைச் சென்னா அறிந்திருந்தார் என்பதையே ஸ்பா நமக்குச் சொல்கிறது. அப்படியாயின் சுசூகாவில் அவரை ஆட்கொண்டது அறியாமை அன்று. அவர் கல்நெஞ்சரும் அல்லர். அவருடைய மனக்குறை உண்மையானது. அதுவே அவரது கண்ணை மறைத்தது. பொய்யான குறையை மனச்சான்று விரைவில் கண்டுபிடித்துவிடும். உண்மையான குறையோ நீதியின் உடையில் வருவதால், அதற்கு நாம் கதவைத் திறந்துவிடுகிறோம்.

சமாதானம் பேச நாம் சென்ற இல்லங்களில் இதைப் பன்முறை கண்டிருக்கிறோம். பாகப்பிரிவினையில் அண்ணன் வஞ்சித்தது உண்மையாகவே இருக்கும். அதைச் சொல்லித் தாயின் அடக்கத்துக்கும் வராமலிருந்த தம்பி, தன்மீது குற்றமே இல்லை என உறுதியாய் நிற்பார். தமக்கு வரவேண்டிய நிலத்தின் அளவை அறிந்தவர், தாம் எடுத்துக்கொண்ட பழியின் அளவை அறிவதில்லை. நீதி கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால், பிறர் உயிரையும் மாண்பையும் பணயம் வைக்கும் உரிமையை எந்த அநீதியும் நமக்குத் தருவதில்லை.

சென்னாவின் கதை சுசூகாவுடன் முடியவில்லை. 1993 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், புரோஸ்டின் கடைசிப் பந்தயத்தில் வென்ற அவர், தாம் நின்ற மேடையின் உச்சிப்படிக்குப் புரோஸ்டை இழுத்து ஏற்றிக்கொண்டார். 1994 மே 1இல் இத்தாலியின் இமோலாவில் அவர் விபத்தில் இறந்தபோது வயது 34. முந்தைய நாள் அங்கே உயிரிழந்த வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கரின் நினைவாக ஏந்த எண்ணியிருந்த ஆஸ்திரிய நாட்டுக் கொடி அவரது காரில் இருந்தது. சாவோ பாவுலோவில் அவருடைய பெட்டியைச் சுமந்தவர்களில் புரோஸ்டும் ஒருவர்.

ஒப்புரவாக அவர்களுக்குக் கிடைத்த காலம் சில மாதங்களே. நமக்கு எவ்வளவு காலம் உண்டு என்பதை நாம் அறியோம். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எண்ணி எண்ணிப் பார்க்கும் நாம், அதன் பெயரால் நாம் செய்தவற்றை என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?